ஈறில் கசியும் ரத்தத்துக்கு வயதா காரணம்?

"வயதானால் ஈறில் ரத்தம் வரத்தான் செய்யும், கிளீனிங் செய்தால் பல் ஆடும், வாய்க்கிருமி இதயத்தைத் தாக்கும் என்பது வெறும் வியாபாரம்" என்கிறது ஒரு கட்டுரை. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது, பாதி உண்மையைக் காட்டி ஆபத்தை மறைக்கிறது.

1965-இல் டென்மார்க்கில் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். மூன்று வாரங்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் ஆறியது. காரணம் வயதல்ல, பல்லில் படிந்த பாக்டீரியாப் படலம்.

அந்தப் படலம் இறுகினால் காரை. அழற்சி எலும்பைக் கரைத்த பின், ஆடும் பல்லுக்கு முட்டுக் கொடுப்பது காரைதான். அதை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டம் தெரிகிறது. பழியோ சுத்தம் செய்தவர் மேல்!

ஈறுநோய் மாரடைப்பை உண்டாக்குகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. 2012-இல் அமெரிக்க இதயச் சங்கமும் அதையே சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் கலந்து இதய வால்வில் தொற்றை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. செயற்கை வால்வு பொருத்தியவருக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் தருவது அதனால்தான். இதயத்தோடு மட்டுமல்ல, சர்க்கரை நோயோடும் ஈறுக்குத் தொடர்பு உண்டு: அந்த நோய் ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்பட விடாது.

வேறெங்காவது தினமும் ரத்தம் கசிந்தால் பதறி ஓடுவோம். ஈறும் நம் உடம்புதான்.