சொல்லிச் செய்விக்கும் கிற்றாரும் காத்திருக்கும் மாதங்களும்

கடைக்குச் சென்றால் அரை மணி நேரத்தில் ஒரு கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். அவை தொழிற்சாலைகளில் செய்யப்படுபவை. அவற்றுட் பல நல்லவையுங்கூட. ஆனால், தம் கையின் அளவுக்கும் தம் காது விரும்பும் நாதத்துக்கும் ஏற்றவாறு தனியொரு கைவினைஞரிடம் சொல்லிச் செய்வித்துக்கொள்ள ஒருவர் விரும்பினால் கதை வேறாகிவிடுகிறது. முற்பணம் கொடுக்க வேண்டும். வரிசையில் பெயர் ஏற வேண்டும். அதன் பின்னர் காத்திருக்க வேண்டும். ஓராண்டு என்பது சாதாரணம். பெயர் பெற்றவர்களிடம் இரண்டு, மூன்று ஆண்டுகளும் செல்லலாம்.

நம்மவர் இல்லங்களுக்கு இது இப்போது தூரத்துச் செய்தியன்று. இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளிற் சிலர் வயலினையும் மிருதங்கத்தையும் பயில்வது போலவே கிற்றாரையும் முறையாகப் பயில்கின்றனர். சென்ற மாதம் ஸ்காபரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் இவ்விடயமாக என்னோடு நெடுநேரம் உரையாடினார். இசைக் கல்லூரியிற் படிக்கும் தம் மகளுக்காக, சீட்டுக் காசிலிருந்து பாதித் தொகையை முற்பணமாகக் கொடுத்திருந்தார். பதினொரு மாதங்கள் கடந்தும் கிற்றார் வரவில்லை. "காசை வாங்கிக்கொண்டு ஆள் கதை சொல்லுறார் போலக் கிடக்கு" என்றார். முற்பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதாக அவர் சொன்ன நாள் முதல் மகள் தகப்பனோடு பேசுவதில்லையாம்.

அவரது அச்சத்தை நான் நகைப்புக்குரியதாகக் கொள்ளவில்லை. 1991இல் ஏஜென்சிக்காரர் ஒருவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பாங்கொக்கில் ஒரு விடுதி அறையில் ஏழு மாதங்கள் "நாளைக்கு, நாளைக்கு" என்ற சொல்லைக் கேட்டபடி கிடந்தவர் அவர். அதன் பின்னர் அகதி விசாரணைக்காக ஒரு காத்திருப்பு; குடும்பத்தை அழைப்பிக்க இன்னொரு காத்திருப்பு. பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னொருவர் வாயைப் பார்த்திருப்பது என்றால் என்னவென்று நம் சமூகத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே, இந்தக் காத்திருப்பில் அந்த மாதங்கள் எங்கே செல்கின்றன என்று ஆராய்ந்து பார்ப்பது தகும்.

முதலில் மரம். ஊரில் வீடு கட்டுவோர் கதவு நிலைக்கு முதிரை மரத்தை அறுப்பித்து, நிழலில் அடுக்கி, நன்கு காயவிட்ட பின்னரே ஓடாவியாரை அழைத்ததை மூத்த வாசகர்கள் அறிவர். காயாத பலகையிற் செய்த கதவு மாரியில் இறுகும், கோடையில் ஆடும். கதவுக்கே அந்த நிலை என்றால், ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் கனமே உள்ள கிற்றாரின் மேற்பலகையை எண்ணிப் பாருங்கள். ஸ்புரூஸ் அல்லது சீடர் மரத்தாலான அந்த மெல்லிய பலகை, உருக்குத் தந்திகள் ஆறின் எழுபது, எண்பது கிலோ இழுவையைத் தாங்கிக்கொண்டே அதிரவும் வேண்டும். தடித்தால் ஊமையாகும்; மெலிந்தால் வளைந்து போகும்.

அப்பலகையே குரலின் இருப்பிடம். ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தொரெஸ், இன்றைய கிற்றாரின் வடிவத்தை வகுத்த கைவினைஞர். இதனை மெய்ப்பிக்கவே அவர் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையாற் செய்து, மேற்பலகைக்கு மாத்திரம் நல்ல மரத்தைப் பயன்படுத்தினார். அந்தக் கிற்றார் இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. கைவினைஞர் பலகையை விரலாற் தட்டிக் கேட்டு, உட்புறச் சட்டங்களைச் சீவி, மீண்டும் தட்டிக் கேட்கிறார். இவ்வேலையை விரைவுபடுத்த வழி இல்லை.

அடுத்தது ஈரப்பதம். மேற்குறித்த ஊர்க் கதவின் உபாதை இங்கே பன்மடங்காகும். ஒன்ராறியோவின் கோடைக்காற்று ஈரமானது. பனிக்காலத்திலோ, வெப்பமூட்டிய வீட்டினுள் காற்று வரண்டு உதடு வெடிக்கும். ஈரக்காற்றில் ஒட்டிய பலகை தை மாதத்திற் சுருங்கி வெடித்துவிடும். எனவே பொறுப்புள்ள கைவினைஞர்கள் பட்டறையின் ஈரப்பதத்தை நாற்பது, ஐம்பது வீதத்துக்கு இடையில் வைத்திருந்து, மரம் அதற்குப் பழகிய பின்னரே ஒட்டுகின்றனர். இறுதியாக மெருகு. லக்கர் பூச்சைப் பல படைகளாகப் பூசி, வாரக் கணக்கில் இறுகவிட்டே தேய்த்து மினுக்குவர். பழைய முறையை விரும்புவோர் சாராயத்திற் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் நாட்கணக்கிற் தேய்த்து ஏற்றுவர். பாரதக் கதையில் பாண்டவரை எரிக்க மாளிகை கட்டப் பயன்பட்ட அதே அரக்குத்தான்; இங்கே நற்காரியத்துக்கு உதவுகிறது.

மரத்துக்கும் இக்காலத்திற் கடவுச்சீட்டு வேண்டும் என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு நினைவுகளும் வந்தன. முற்காலத்திற் கிற்றாரின் முதுகுக்குப் பெரிதும் விரும்பப்பட்டது பிரேசில் நாட்டு ரோஸ்வூட். அது கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வூட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமன்று, தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரமே. பிரேசில் மரம் 1992 முதல் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. 2017 தையில் ஈட்டி உட்பட அவ்வினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அனுமதிப் பத்திரமின்றி ஒரு கிற்றாரை எல்லை கடந்து விற்க இயலாமற் போய், பல கட்டளைகள் தாமதமாயின. 2019 கார்த்திகையிலேயே ஏனைய ரோஸ்வூட்டுகளாற் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. பிரேசில் மரத்துக்கு அந்தச் சலுகை இன்றுமில்லை. விரற்பலகைக்கு ஒருகாலத்தில் இலங்கைக் கருங்காலிக்குப் பெரும் பெயர் இருந்தது. இன்று அவ்விடத்துக்குப் பெரும்பாலும் கமரூன் நாட்டுக் கருங்காலியே வருகின்றது.

இக்கலைக்கு நாம் வாழும் இந்நகரே ஒரு தாயகம் என்பதையும் நம்மவர் பலர் அறியார். ஜெர்மனியிலிருந்து ரொறொன்ரோ வந்த எட்கர் மொன்ச்சிடம் 1960களில் ழான் லாரிவே தொழில் பயின்றார். லாரிவேயிடம் 1974இற் சேர்ந்து பயின்றவர் லிண்டா மான்சர். 1984இல் இசைக்கலைஞர் பட் மெத்தேனி அவரிடம் சென்று, எத்தனை தந்திகள் இயலுமோ அத்தனையும் வைத்து ஒரு கிற்றார் வேண்டும் என்றார். நாற்பத்திரண்டு தந்திகளோடு அதைச் செய்து முடிக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. உலகப் புகழ் பெற்ற கலைஞரும் வரிசையில் நின்றே பெற்றார்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் திருப்தியடையவில்லை. "காசு கேட்கும்போது எல்லாரும் இப்படித்தான் சொல்லுவினம்" என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தாமதத்துக்குக் காரணம் இருப்பது வேறு. அக்காரணத்தைப் பணம் கொடுத்தவருக்குக் காட்டுவது வேறு. முற்பணம் கொடுக்குமுன் எழுத்தில் சில விடயங்களைப் பெற்றிருக்க வேண்டும்: எந்த மரம், மொத்த விலை என்ன, வரிசையில் எத்தனையாவது இடம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு செலுத்துவது, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். நண்பரிடம் இருந்ததோ ஒரு பற்றுச்சீட்டு மாத்திரம். பட்டறையை வந்து பார்க்கலாமா என்று கேட்கும்படி சொன்னேன். மறைக்க ஏதுமில்லாதவர் அதற்குத் தடை சொல்லமாட்டார்.

தகப்பனும் மகளுமாகச் சென்று பார்த்தார்கள். கிற்றாரின் உடல் ஒட்டி முடிந்து, கழுத்து இன்னும் பொருத்தப்படாமல், கொக்கியில் தொங்கியதாம். கைவினைஞர் பலகையைத் தட்டிக் காட்டியபோது மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாளாம். நண்பர் கேட்டது மூட்டுகளைப் பற்றித்தான். அவரது பெரியப்பா ஓடாவியார். முற்பணம் திருப்பிக் கேட்கப்படவில்லை. விலையைப் பற்றிய முறைப்பாடு மாத்திரம் இன்றுவரை ஓயவில்லை. பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு இத்தனை செலவு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயமும். முந்நூறு, நானூறு டொலர்க் கிற்றார் அவர்களுக்குப் போதும். நண்பரின் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டியவள்.

கிற்றார் தை மாத நடுப்பகுதியில் வந்து சேருமாம். அதுதான் கவனம் வேண்டிய காலம். உறைகுளிரில் வண்டியில் வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால், மெருகுப் பூச்சு நூல் நூலாக வெடிக்கக்கூடும். பெட்டியை மூடியபடியே வீட்டினுள் வைத்து, உள்ளிருக்கும் மரம் மெல்ல மெல்ல அறையின் வெப்பத்துக்கு வரும் வரை, ஒரு முழு நாளாயினும், விட்டுவைப்பது நல்லது. இதை நண்பருக்குத் தொலைபேசியிற் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்ப இன்னும் ஒரு நாளா?" என்று கேட்டார்.