இக்கரையா, அக்கரையா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பது பழமொழி. பழவேற்காடு ஏரிக்கு இது நன்றாகவே பொருந்தும். அதன் தென்கரை தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஏரியின் பெரும்பகுதியும் வடகரையும் ஆந்திரத்தைச் சேர்ந்தவை. விடுமுறையில் அங்கே செல்ல விரும்பும் மாணவர் எந்தக் கரைக்குச் செல்வது? எங்கள் வகுப்பில் சுற்றுலாப் பேச்சு எழுந்தபோது பெரும்பாலோர் வடகரை என்றனர். நான் தென்கரை என்கிறேன். ஏன் என்பதைக் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில் ஏரியைப் பற்றிச் சில செய்திகள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் உட்புகுகிறது. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறும். கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா கிடக்கிறது. 1953 வரை ஏரி முழுவதும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது நீரின்மேல் எல்லைக்கோடு விழுந்தது. அந்தக் கோடு மீனுக்கும் தெரியாது, பூநாரைக்கும் தெரியாது. வலை வீசுகிறவனுக்கு மட்டும் தெரிந்தாக வேண்டும்! எல்லை தாண்டி மீன் பிடித்ததாக இரு கரையாரிடையே பூசல் எழுவதும் உண்டு.

வடகரையின் பெருமையை நான் மறுக்கவில்லை. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் ஊடே செல்லும் சாலையில் நின்றால் பருவத்தில் பூநாரைக் கூட்டங்களைக் காணலாம். அருகே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் குஞ்சு பொரிக்கின்றன. ரோகிணி செயற்கைக்கோளை எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1980 ஜூலை 18 அன்று சுமந்து சென்றது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஏவுதலைப் பொதுமக்கள் காண 2019-இல் மேடையும் திறந்தார்கள். அறிவியல் மாணவனுக்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சுற்றுலாவுக்கு நான் கேட்கும் பணம் நடவுக்கூலியிலிருந்து வர வேண்டும். அறுநூறு கிலோமீட்டர் கடந்து சென்று, நம் வாசலில் கிடைப்பதையே பார்த்துத் திரும்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. கூழைக்கடா வேண்டுமா? கூந்தன்குளத்தில் தெருவோர மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. ராக்கெட் வேண்டுமா? அதன் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராக்கெட் ஏறும் நாளும் நம் விடுமுறை நாளும் ஒன்றாக அமையும் என்பதும் உறுதியில்லை.

தென்கரையில் இருப்பது வேறு. டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சமும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் அங்கே உள்ளன. சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாகப் பல்லாண்டுகள் விளங்கிய ஊர் அது. மணப்பாட்டில் போலவே அங்கும் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். எல்லாவற்றினும் மேலாக மீனவர்களிடையே 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை அவர்களே முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். குளத்துப் பாசனத்தில் முறைவைத்து மடை திறப்பதைப் பார்த்து வளர்ந்த தாமிரபரணிப் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். வடகரையிலும் மீனவர் உண்டு. ஆனால் அங்கே செல்லும் பயணியின் கண் வானத்தை நோக்கியே இருக்கிறது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. படகுச் சவாரிக்காகத் தென்கரைக்குச் செல்ல வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையில் நடந்தே காண வேண்டியவை போதிய அளவு இருக்கின்றன.

நான் தென்கரையைச் சொல்வதற்கு இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா 1971-இல் ஏவுதளமாவதற்கு முன் அது யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்த நிலம். தளம் வந்தது, அவர்கள் இடம்பெயர்ந்தனர். ராக்கெட் ஏறும் நாள்களில் சுற்றுப்புற மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. இன்று அத்தகைய தளம் நம் பக்கமும் வருகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்காக 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தளம் நம் இளைஞர்களுக்கு வேலை தரலாம். நாட்டுக்குப் பெருமையும் தரும். நான் அதற்கு எதிரியல்லன். ஆயினும் ஏவுதளத்துக்கு அருகே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு வர வேண்டாமா? நாளை நம் கடற்கரையில் அதே கேள்விகள் எழும்போது பட்டம் பெற்ற நாம் வாய்மூடி நிற்கலாமா?

சுற்றுலாவைத் திட்டமிடும் பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒரே நாள்தான் உண்டென்றால் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வலை உலர்த்தும் பெரியவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச எங்களுக்கு அனுமதி கொடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் கேட்டு வருவது குலசேகரன்பட்டினத்துக்கும் பயன்படும்.