கோப்பைக்கு முதல் ஒரு சமதரை

2018 மார்ச் 17. பெங்களூரில் ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி. சுனில் சேத்ரி முதல் கோலைப் போட்டும், சென்னையின் எஃப்.சி. 3-2 என வென்று இரண்டாவது தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. மைல்சன் ஆல்வஸின் இரண்டு கோல்களைப் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நாங்கள் பேச நினைப்பது அந்தச் சாம்பியன் அணியில் இருந்த தனபால் கணேஷைப் பற்றி. வடசென்னை வியாசர்பாடிக்காரர். உழைக்கிற சனம் நெருக்கியடித்து வாழும் இடம்தான். ஆனா அங்கே பிள்ளைகள் பந்து உதைக்க மைதானம் இருக்கு.

இங்கே? 2021இல் இலங்கை சுப்பர் லீக்கில் விளையாடிய 10 கழகங்களில் நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸும் ஒன்று. புளூ ஸ்டார் சாம்பியனானாலும், மலைநாட்டின் பேர் அந்தப் பட்டியலில் இருந்தது எங்களுக்குப் பெருமை. ஆனா ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டத்துப் பிள்ளை அந்த வாசல்வரை எப்படிப் போகும்? லயத்துக்கு முன்னால் சரிவு. பந்து தவறினா தேயிலைக்குள்ள.

"திறமை இருந்தா தானா மேல வரும்" என்பார்கள். வராது. தீபாவளிக்கும் சித்திரைக்கும் ஒருநாள் சுற்றுப்போட்டி வைத்து, தலைவர்மார் கேடயம் கொடுத்துப் படம் பிடித்தால் வீரர் உருவாக மாட்டார். வருசம் முழுக்க விளையாடத் தரை வேணும், சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்.

அதே 2018இல்தான் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் சபைப் பணத்தைச் செலவழிக்க வழி வந்தது. அதனால் அடுத்த முறை கேடயத்தோடு வருபவரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: மைதானம் எங்கே?