பெண்ணுக்கு ஒரு பிஸ்டல் வேண்டுமாம்!

"இதென்ன, கோலமும் குழம்பும் வருகிற பக்கத்தில் துப்பாக்கி!" என்று புருவத்தை நெரிக்காதீர்கள். இந்த வாரத்துக் கடிதம் அப்படி. கேட்டிருப்பவர் சின்னமனூர்ப் பக்கத்துத் தாயார் ஒருவர்.

அவருடைய பெண் காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். வயது பத்தொன்பது. என்.சி.சி. முகாமில் அவள் கையில் ஒரு .22 ரைபிளைக் கொடுத்துச் சுடச் சொன்னார்களாம். ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிற மாதிரி விழுந்தனவாம். அன்றையிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. பிஸ்டல் சுடும் போட்டிக்குப் போக வேண்டும், அதற்குச் சொந்தமாக ஒரு பிஸ்டல் வேண்டும் என்கிறாள். "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறார் தகப்பனார். தாயாரோ கையிலிருக்கும் இரண்டு வளையல்களைப் பார்க்கிறார். "தோட்டாச் செலவு குறைவாக, அடிக்கடி மக்கர் பண்ணாத பிஸ்டலாக ஒன்று சொல்லுங்கள். வளையலை வைத்தாவது வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

முதலில் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கென்றே 25 மீட்டர் பிஸ்டல் போட்டி 1984-ம் வருஷத்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து நடந்து வருகிறது. 2018 ஆசிய விளையாட்டில் அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியவர் நம் நாட்டு ராஹி சர்னோபத். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் காற்றுப் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கிவிட்டு, இதே 25 மீட்டர் பிஸ்டலில் நான்காவதாக வந்தார். ஆகவே, 'எதற்கு' என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லியாகிவிட்டது.

இனி தாயாரின் கேள்விக்கு வருவோம். 25 மீட்டர் போட்டிக்கு வேண்டிய தோட்டா .22 லாங் ரைபிள். குறுக்களவு 5.6 மில்லி மீட்டர். 1887-லிருந்து உலகெங்கும் புழங்கி வருகிற பழைய தோட்டா இது. இதை 'ரிம்ஃபயர்' என்பார்கள். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்கத்தின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். இதிலோ அந்த மருந்தை அடிப்புற விளிம்பின் மடிப்புக்குள்ளேயே சுழற்றிப் பரப்பிவிடுகிறார்கள். துப்பாக்கி ஊசி விளிம்பை நசுக்கினால் தீப்பற்றுகிறது. தனிக் குப்பி வேண்டாம், பித்தளையும் கொஞ்சம், ஈயமும் கொஞ்சம். அதனால்தான் விலை மலிவு. .32 தோட்டாவின் விலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு வித்தியாசம்.

இந்த மலிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வீட்டுக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். போட்டியில் ஒருவர் சுட வேண்டியது 60 குண்டு. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி, நாளுக்கு 60 என்று வைத்தால் வாரத்துக்கு 120. வருஷத்துக்கு 6,240! ஒரு தோட்டாவுக்கு ஒரு ரூபாய் ஏறினால், வருஷத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் ஏறிவிடும். பிஸ்டல் வாங்குவது ஒருநாள் செலவு. தோட்டா மாதாமாதம் வருகிற மளிகைச் செலவு. பசுமாட்டை விலை பேசுகிறவர் தீவனத்தையும் கணக்குப் பார்க்க வேண்டாமா?

ஆனால் மலிவில் ஒரு வினை உண்டு. விளிம்பு முழுவதும் மருந்து சமமாகப் பரவாமல் போனால், ஊசி விழுந்த இடத்தில் மருந்தில்லாமல் தோட்டா மௌனம் சாதிக்கும். இதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், மாகஸின் என்ற தோட்டாப் பெட்டியில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் நகராது. அத்துடன் மெழுகும் ஈயமும் மருந்துக் கரியும் சேர்ந்து உள்ளே பிசுக்காகப் படியும்.

செமி ஆட்டோமாடிக் பிஸ்டல் வேலை செய்கிற விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான். அந்த வெடியின் பின்னுதையே அடைப்பைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே வீசுகிறது. பிறகு சுருள்வில் அடைப்பை முன்னுக்குக் கொண்டுவந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. .22-ன் உதை மிகச் சின்னது. தோட்டாவின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும், வில் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் பாதியில் நின்றுவிடும். ஆகவே 'மக்கர் பண்ணாத பிஸ்டல்' என்று தனியாக ஒன்று கிடையாது. இந்தப் பிஸ்டலுக்கு இந்தத் தோட்டா என்று ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டியதுதான்.

எப்படிப் பார்ப்பது?

முதலாவது, கை. பிடி பெண்ணின் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, சுட்டுவிரலின் நுனிச்சதை வலியாமல் விசைமீது அமர்கிறதா என்று பாருங்கள். போட்டிப் பிஸ்டல்களில் பிடி சிறிய அளவு, நடுத்தர அளவு என்று கிடைக்கும். போட்டி விதிப்படி பிஸ்டலின் எடை 1,400 கிராமுக்கு மேற்படக்கூடாது. விசையின் இழுப்பு 1,000 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒற்றைக் கையை நீட்டி அந்த எடையைத் தாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்தில் தோள் உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, தோட்டாப் பரீட்சை. உள்ளூரில் எப்போதும் கிடைக்கக்கூடிய இரண்டு மூன்று ரகங்களில், ஒவ்வொன்றிலும் நூறாவது சுட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை தடவை நின்றது, எதனால் நின்றது என்று நோட்டில் குறித்து வைக்க வேண்டும். வெளிநாட்டு உயர்ரகத் தோட்டாவில் மட்டும் ஒழுங்காக ஓடுகிற பிஸ்டல், தேனியில் இருக்கிறவருக்கு எதற்கு? சுலபமாகக் கிடைப்பதில் ஓடுகிறதே, அதுதான் நம்முடையது.

மூன்றாவது, உதிரிச் சாமான். ஊசி, கூடு இழுக்கும் கொக்கி, சுருள்வில், மாகஸின் நான்கும் தேயும். இவை கிடைக்குமா, மாற்றிக் கொடுக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். தையல் மிஷின் வாங்கும்போது இதைத்தானே முதலில் கேட்கிறோம்? போட்டி மைதானங்களில் இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் மோரினி முதலிய பெயர்களைக் கேட்பீர்கள். எல்லாம் நல்ல வம்சந்தான். அந்த வம்சத்தில் உங்கள் கைக்கு வருகிற ஒன்று எப்படி என்பதே கேள்வி.

நான்காவது, பழைய பிஸ்டலானால் தோட்டா அமரும் குழியின் வாயைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து இழுத்து விளையாடியிருந்தால், ஊசி அந்த விளிம்பில் குத்திப் பள்ளம் போட்டிருக்கும். அதன் பிறகு கூடு சிக்கும். குழலில் உப்பல் இருந்தாலும் தொடவே வேண்டாம்.

நம்பகம் என்பதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. வேகச் சுற்றில் குறி 3 வினாடிதான் முகம் காட்டும். பிறகு 7 வினாடி மறையும். அதற்குள் கையைத் தூக்கி ஒரு குண்டு சுட வேண்டும். அந்த மூன்று வினாடியில் பிஸ்டல் நின்றால், அத்தனை மாத உழைப்பும் தொண்டையில் நிற்கும். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கருடைய காற்றுப் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி, அரிய நேரம் போயிற்று. இறுதிச் சுற்றுக்கு அவரால் போக முடியவில்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் பாரிஸில் கண்ணீர் ஆறியது.

சரி, வளையல் விஷயம். இப்போது வேண்டாம், அம்மா! சட்டமும் என் பக்கம் இருக்கிறது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்குச் சாதாரணமாக லைசென்ஸ் கிடையாது. ஆனால் கிளப்பில் மேற்பார்வையின் கீழ், கிளப்பின் துப்பாக்கியை வைத்துப் பயிலலாம். வெளிநாட்டுப் பிஸ்டலை நேரே தருவித்துக்கொள்கிற சலுகையும் தேசியப் போட்டியில் தகுதி மதிப்பெண் பெற்றவர்களுக்குத்தான். ஆகவே இரண்டு வருஷ அவகாசம் தானாகவே கிடைத்திருக்கிறது.

அதுவரை 4.5 மில்லி மீட்டர் காற்றுப் பிஸ்டல் போதும். 20 ஜூல் சக்திக்கு மேற்படாத அந்த ரகத்துக்கு, 2016-ம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. குண்டு மிக மலிவு. பத்து மீட்டர் தூரம் போதும். மூச்சு, பார்வை, விரல் மூன்றையும் அதிலேயே பழக்கலாம். மாதத்தில் ஒரு நாள், தேனியிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டரில் இருக்கும் மதுரைக்குப் போய் வருவது அப்படியொன்றும் பெரிய யாத்திரை அல்ல. அங்கீகாரம் பெற்ற கிளப் எது என்று மாநில ரைபிள் சங்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். 21 நிரம்பியதும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீஸுக்கு மனுப் போடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். "பிஸ்டல் வந்தால் தோட்டத்துக் காட்டுப்பன்றிக்கும் ஆயிற்று" என்று வீட்டு ஆண்கள் யாராவது சொல்வார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் வாழையும் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. 2023-ல் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே புகுந்து ஓடியதை யார் மறப்பார்கள்? ஆனால் .22 குண்டு பன்றியைக் கொல்லாது, புண்படுத்தி வெறியேற்றும். காட்டு மிருகத்தைச் சுடுவது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது வனத்துறையின் காரியம். பந்தலுக்கடியில் 'சும்மா சுட்டுப் பார்ப்பதும்' கூடாது. இந்தச் சின்னக் குண்டு ஒன்றரைக் கிலோ மீட்டர் வரை பறக்கும். அடுத்த தோட்டத்தில் களை எடுக்கிறவர்களும் யாரோ ஒரு வீட்டின் பெண்கள்தான்.

பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கு நான்கு பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள்:

'டக்' என்ற சத்தத்தோடு குண்டு வெடிக்காமல் நின்றால், குழலைக் குறிப்பக்கமே பிடித்து 30 வினாடி பொறுத்திருக்க வேண்டும். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும்.

வழக்கத்தைவிடச் சத்தம் மெலிந்து கேட்டால், உடனே நிறுத்திக் குழலைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். உள்ளே ஈயம் தங்கியிருந்தால் அடுத்த குண்டு குழலையே வெடிக்க வைத்துவிடும்.

கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு இல்லாமல் சுடக்கூடாது.

சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கையோ பழத்தையோ தொடக்கூடாது. கையில் இருப்பது ஈயம். கர்ப்பிணிகள் சுடும் இடத்தை விட்டு விலகி இருப்பதே உத்தமம்.

பிற்காலத்தில் பிஸ்டல் வீட்டுக்கு வந்தால் அதற்கு இரும்புப் பெட்டி ஒன்று, தோட்டாவுக்கு வேறொன்று. இரண்டு சாவியும் லைசென்ஸ் உள்ளவரிடமே இருக்கட்டும். பூஜை அலமாரியும் அரிசிப் பானையும் மறைவிடமல்ல. குழந்தைகளுக்குத் தெரியாத மறைவிடம் எந்த வீட்டிலும் கிடையாது.

நகை வாங்கப் போனால் உரைத்துப் பார்க்கிறோம், புடவையைக் கசக்கிப் பார்க்கிறோம். பிஸ்டலைச் சுட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால், பெண்ணின் பொறுமையை இரண்டு வருஷம் உரைத்துப் பாருங்கள். அது தேறிவிட்டால், நல்ல பிஸ்டல் எது என்று அவளே உங்களுக்குச் சொல்வாள்.