சித்திரை மழையும் நம் வீட்டுச் சரிவும்

நம்மூர் இளவேனிலில் ஆங்கிலக் கவிஞர் பாடிய வசந்தத்தைத் தேடுவோர் ஏமாந்தே போவர். திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கை ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றே கொணர்கின்றது. மாசி கழிந்ததும் ஓர்ஸ் ஹில் சரிவுகளிற் புல் கருகத் தொடங்கும். பங்குனியிற் பாறையைத் தொட்டாற் கை சுடும். அந்நிலையில், சித்திரைப் பிறப்பை ஒட்டி இடியோடு வந்து சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும் மழையே நமது வசந்தம்.

ஏப்ரல் 12 அளவில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியில் நிற்கின்றான். பருவக்காற்று இரண்டும் ஓய்ந்திருக்குங் காலம் அது. காய்ந்த நிலத்தின்மேற் கடலின் ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் முகிலாய்த் திரண்டு பொழிகின்றது.

முதல் துளி விழுந்ததும் எழும் மணத்தை அறியாதார் யார்? 1964ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளாகிய இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் இருவர் அதற்குப் 'பெட்ரிக்கோர்' எனப் பெயரிட்டனர். கிரேக்க மொழியிற் 'பெட்ரா' என்பது கல். 'இக்கோர்' என்பது தேவர்களின் நாளங்களில் ஓடும் குருதி. வறட்சியிற் செடிகள் கசியும் எண்ணெயைக் கல்லும் மண்ணும் உறிஞ்சி வைத்து, ஈரம் பட்டதும் வெளிவிடுகின்றன. மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்கும் 'ஜியோஸ்மின்' என்னும் பொருளும் அதனோடு கலக்கின்றது. பாறைமேற் குடியிருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

சென்ற சித்திரையில் அம்மணத்தை நுகர்ந்து மகிழ்ந்திருந்த நாம், அரைமணி நேரத்தில் வெட்கித் தலைகுனிய நேர்ந்தது. புத்தாண்டுக்கு வளவு துப்புரவாக இருக்கட்டுமென்று, வீட்டின் பின்புறச் சரிவில் நின்ற பற்றைகளையும் காய்ந்த புல்லையும் வேரோடு களைந்திருந்தோம். நம் கைவேலைதான், பிறரைக் குறைகூற வழியில்லை. மழைத்துளி வெறுமண்ணில் அறைந்து கட்டிகளை உடைத்தது. உடைந்த பொடி மண்ணின் துளைகளை அடைத்தது. உள்ளே இறங்க வழியற்ற நீர் மண்ணையும் வாரிக்கொண்டு முற்றத்தில் இறங்கிற்று. முற்றத்திற் சுளகுகளிலே காய்ந்த வேப்பம்பூ வடகம், மனைவி இருநாள் உழைத்துத் தட்டியது, சேற்றோடு போயிற்று. எஞ்சிய செந்நீர் ஒழுங்கை வழியே துறைமுகத்தை நோக்கி ஓடிற்று.

அயல் வீட்டு ஆச்சி வேலிக்கப்பால் நின்று பார்த்தார். "தம்பி, நிலத்தின்ரை போர்வையை உரிஞ்சு போட்டிட்டு மழையைப் பாத்து என்ன செய்யிறது?" என்றார். கல்லூரியில் நாம் இருபது ஆண்டுகளாகக் கற்பித்ததைக் கிழவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

திருகோணமலையின் மேடுகளிற் பல குவாட்சைட்டு என்னும் கடும்பாறையாலானவை. அப்பாறை எளிதிற் சிதையாது. அதன்மேல் மண் சேர்வதற்கு மனித ஆயுள் போதாது. சேர்ந்ததை இழக்க ஒரு மாலைப்பொழுதே போதுமானதாயிற்று.

நாலாம் நாள் குன்றைப் பார்த்தபோது, கருகிக் கிடந்த மற்றச் சரிவுகளெல்லாம் பச்சைப் பொட்டுகளாகத் துளிர்த்திருந்தன. வேம்புகள் கழுவிய இலைகளோடு நின்றன. நம் வளவுச் சரிவு மட்டும் சிரைத்த தலைபோற் சிவந்து கிடந்தது. வைகாசியிற் கச்சான் காற்று எழுமுன் ஏதேனும் வேர்கொள்ளட்டுமென்று, வெட்டிய பற்றைகளின் கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே பரப்பி, நீரோட்டத்தை மறிக்கக் கல் அடுக்கினோம். மகன் கல் எடுத்துத் தந்தான். தாயாரோ நம்மோடு இன்னும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அன்று மாலை ஆச்சி ஒரு போத்தல் வடகம் கொடுத்தனுப்பினார்.