அழிவதும் அழிப்பதும்

அண்மையில் ஒரு கருத்தரங்கில் 'அழிந்துவரும் உயிரினங்கள்' என்ற தொடரைப் பலமுறை கேட்டேன். உயிரியல் என் துறையன்று. மொழியியல் என் துறை. ஆகவே கேட்கிறேன்: தமிழில் 'அழிதல்' தன்வினை, 'அழித்தல்' பிறவினை. நாம் ஏன் எப்போதும் முன்னதையே எடுத்துக்கொள்கிறோம்?

ஒரு சான்று. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில், கோலோவா வட்டார எரிமலைக் குகைகளில் மட்டும் ஒரு சிலந்தி வாழ்கிறது. 1973இல் அதற்கு அடெலோகோசா அனாப்ஸ் என்று பெயரிட்டனர். பெரிய கண்களுக்குப் பெயர்பெற்ற ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்குக் கண்ணே இல்லை. வலை பின்னாமல் இருளில் அலைந்து இரை தேடும். ஒருமுறைக்கு 15 முதல் 30 முட்டைகளே இடும். காற்றில் ஈரம் குறைந்தால் பிழைக்காது. குகைக்குள் இறங்கும் வேர்களையும் மட்கிய தாவரங்களையும் நம்பி வாழும் சிற்றுயிர்களே அதன் உணவு.

குகைகளுக்கு மேலே என்ன நடந்தது? 1835இல் கோலோவாவில் கரும்புத் தோட்டம் வந்தது. பின்னர் கல்குவாரி, விடுதிகள், கோல்ஃப் மைதானங்கள். வேர் போனால் இரை போகும்; இரை போனால் சிலந்தி போகும். 2000இல் அமெரிக்க அரசு அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலின் ஆங்கிலச் சொல்லில் 'ஆபத்துக்கு உள்ளாக்கப்பட்டது' என்ற பொருளேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமோ 'அருகிவரும் இனம்' என்று மொழிபெயர்த்து, செய்தவரை முற்றிலும் மறைத்துவிட்டோம்.

இயற்கையாகவும் இனங்கள் மறைவதுண்டே எனலாம். உண்டு, அங்கே 'அழிந்தது' என்றே எழுதுவோம். நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் பதிவேட்டில் இருக்கும்போது அவ்வாறு எழுதுவது இலக்கணப் பிழையன்று, அறப்பிழை.

மொழியியலாளராகிய நாமும் குற்றமற்றவர் அல்லர். ஹவாய் மொழியில் அச்சிலந்தியின் பெயரில் 'மக்கா ஓலே' என்று வரும். கண்ணற்றது என்று பொருள். 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளின் பயிற்றுமொழியாக ஆங்கிலத்தை விதித்து, அம்மொழியை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது. நம் ஆய்வேடுகளோ ஹவாய் மொழி 'நலிந்தது' என்கின்றன, அதற்கு ஏதோ காய்ச்சல் கண்டதுபோல.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையில் 'அழிந்துவரும்' என்று எழுதுமுன் ஒரு கணம் நில்லுங்கள். எழுவாயைத் தேடுங்கள். கிடைத்தால் எழுதுங்கள். அச்சிலந்திக்குக் கண் இல்லை, நமக்கு இருக்கிறது.