லாக்கப் அடிக்குக் கைதட்டுறோமே, அது சரியா தோழர்களே?



சோளிங்கர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிச்சிக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி சொன்னார்: "அண்ணே, அந்த ஸ்டேஷன் சீன்ல ஹீரோ விட்டார் பாருங்க அடி, தியேட்டரே அதிர்ந்துச்சு!" அதே தம்பிதான் 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' பார்த்துட்டு ராத்திரி தூக்கம் வரலைன்னு சொன்னவர். இரண்டு படத்திலும் நடப்பது ஒன்றுதான். பூட்டிய அறையில், கையைக் கட்டி, ஒரு மனிதனைச் சீருடை போட்டவர் அடிக்கிறார். ஒன்றுக்கு விசில், இன்னொன்றுக்குக் கண்ணீர். ஏன்?

கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். மாஸ் படத்தில் அடிப்பவர் பக்கம் நிற்கிறது. அடி வாங்குபவன் குற்றவாளி என்று இடைவேளைக்கு முன்னாடியே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். நிஜ ஸ்டேஷனில் அப்படி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அங்கே இருப்பது வெறும் சந்தேகம்தான்.

1993இல் முதனை கிராமத்து ராசாக்கண்ணு மீது இருந்தது நகைத் திருட்டு சந்தேகம். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் மீது சொல்லப்பட்டதும் நகை காணோம் என்ற புகார். நடுவில் 32 வருஷம். இருவருமே உயிரோடு வீடு திரும்பவில்லை. அஜித்குமார் அடிபடுவதை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்ததால்தான் நாடே பார்த்தது. அந்த வீடியோவில் பின்னணி இசை கிடையாது, பஞ்ச் வசனமும் கிடையாது. அதைப் பார்த்து யாராவது விசில் அடித்தோமா?

இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை. 2015 ஜூனில் பள்ளிகொண்டா போலீசார் விசாரணைக்கு அழைத்துப்போன ஆம்பூர் இளைஞர் சில நாளில் மருத்துவமனையில் இறந்துபோனார். அடித்ததால்தான் இறந்தார் என்று குடும்பம் கதறியது. ஆம்பூரே கொந்தளித்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது.

'விசாரணை' படம் பாருங்கள். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். அதைத்தான் வெற்றிமாறன் படமாக்கினார். பிழைக்கப் போன இடத்தில் மொழி தெரியாமல் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள். நகரி, சித்தூர், திருப்பதி என்று வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் புரியும்.

"இவ்வளவு கொடுமையைக் காட்டணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வலியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அதுவும் ஒரு வேடிக்கையாகிவிடும். பாதிக்கப்பட்ட பெண்ணின் உடம்பைக் காட்டி நம்மைப் பதறவைப்பது அவளுக்கு இரண்டாவது அவமானம். 2019 ஜூலையில் நம்ம நெமிலி பக்கமும் காஞ்சிபுரம் பக்கமும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டபோது ஒரு போட்டோ வந்தது. மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு பெரியவர் விழுந்து கிடப்பார். ரத்தம் இல்லை, காயம் இல்லை. ஆனால் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று அந்த ஒரு படமே சொன்னது.

ஆனால் கொடுமையைக் காட்டவே கூடாது என்றால் லாபம் யாருக்கு? கதவைப் பூட்டி அடிப்பவருக்குத்தான். நம் பயம் கொடுமையைக் காட்டும் படங்களைப் பற்றியது அல்ல. அதைக் கொண்டாட வைக்கும் படங்களைப் பற்றியது. 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தபோது, போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வருந்துவதாக 'சாமி', 'சிங்கம்' படங்களின் இயக்குநர் ஹரியே அறிக்கை விட்டார். எடுத்தவரே வருந்தினார். கைதட்டிய நாம்?

படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதாது. எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலியோடு பதிவாகும் சிசிடிவி வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்றே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஸ்டேஷனில் அது ஓடுகிறதா என்று கேட்போம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. இன்னும் அதற்கு ஒப்புதல் தரவில்லை, தனிச் சட்டமும் வரவில்லை. ஓட்டு கேட்டு வரும் எல்லோரிடமும், எங்களிடமும் சேர்த்தே, இதைக் கேளுங்கள்.

பக்கத்துத் தெருப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் "ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடுவான்" என்று சொல்லாதீர்கள். உடனே ஒரு வக்கீலுக்குப் போன் போடுங்கள், நாலு பேராகப் போய் வாசலில் நில்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

அடுத்த தடவை தியேட்டரில் அந்த சீன் வரும்போது விசில் அடிக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்க. அந்த நாற்காலியில் கட்டப்பட்டிருப்பது நம்ம வீட்டுப் பிள்ளையா இருந்தா?